உடையாத ரொட்டி

சக் ரத்தன்
4 அக்டோபர் 1998

ஒரே இறைவன் துணை.

அன்புத் தங்கை தல்பீருக்கு அக்கா குர்மேல் எழுதுவது. சத் ஸ்ரீ அகால். நானும் உன் அத்தானும் சுகம், எருமைகள் மூன்றும் சுகம். நீயும் மல்கீத்தும் அந்த இத்தாலிக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க குருவை வேண்டிக்கொள்கிறேன்.

உன் மகள் தேஜியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. போன வியாழக்கிழமை அவளுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. பதறாதே, மாவுக்கட்டுப் போட்டாயிற்று. டிராக்டர் வண்டியிலிருந்து இறங்கினாள். குதிக்கவும் இல்லை, விழவும் இல்லை. முழங்கால் உயரத்திலிருந்து காலைக் கீழே வைத்தாள், அவ்வளவுதான். சுனாம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பதினஞ்சு வயசுப் பொண்ணோட எலும்பாம்மா?" என்று என்னைக் கேட்டார். சண்டிகர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் அவள் மணிக்கட்டிலும் விரிசல் விட்டது. நாட்டு வைத்தியர் கட்டி ஆறிவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருப்பவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று உனக்கு எழுதவில்லை. வயிறும் சரியில்லை. பள்ளிக்கூடத்தில் பாடத்தின் நடுவே எழுந்து ஓடுகிறாளாம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று இப்போது போக மறுக்கிறாள். வயதுக்கும் வரவில்லை.

கைப்பம்புக்குப் பக்கத்து வீட்டு நசீபோ என் காதில் விழவே சொல்கிறாள், "பெறாதவ வளர்த்தா இப்படித்தான் இருக்கும். புள்ள எலும்பும் தோலுமா நிக்குது, பெரியம்மாக்காரி கன்னம் பளபளன்னு இருக்கு" என்று. தல்பீர், உன் மகள் தட்டில் நான் குறை வைத்ததே இல்லை. காலையில் நெய் தடவி மூன்று ரொட்டி, மதியம் நான்கு, இரண்டு டம்ளர் பால். வேண்டாம் என்றாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுகிறேன். அவள் ஒல்லியாக ஆக ஆக நான் ரொட்டியைக் கூட்டிக்கொண்டே போகிறேன்.

ஒன்பது வயதில் நீ என் கையில் ஒப்படைத்த பிள்ளை. உன்னிடம் இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. மல்கீத்துக்கு என் ஆசிகள்.

உன் அக்கா
குர்மேல் கவுர்

*

பிரெஷா, இத்தாலி
1 நவம்பர் 1998

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தங்கை தல்பீர் வணக்கம். அத்தானுக்கும் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். இவருக்கு மட்டும் மாட்டுக் கொட்டகை ஈரத்தில் முதுகுவலி.

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. மணிக்கட்டு உடைந்தது ஜூனில், எனக்குத் தெரிவது அக்டோபரில். நடுவில் நீங்கள் இரண்டு கடிதம் எழுதினீர்கள். இரண்டிலும் தேஜி சுகம் என்று இருக்கிறது. எடுத்து வைத்துப் படித்தேன்.

உங்கள்மேல் குறை சொல்லவில்லை. தினமும் இரண்டு டம்ளர் எருமைப்பால் குடிக்கிற பிள்ளைக்கு எலும்பு எப்படி உடையும் என்று இவர் கேட்கிறார். பால் உண்மையிலேயே குடிக்கிறாளா, இல்லை உங்களுக்குத் தெரியாமல் கொட்டுகிறாளா, பாருங்கள்.

டிசம்பர் இருபதாம் தேதி வருகிறேன். பதினெட்டு நாள்தான் விடுப்பு. சண்டிகரில் என்ன சொன்னாலும் அன்றைக்கே எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம். பூத்துக்காரன் ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். என் மகளின் வயிற்றுப் பிரச்சினை ஊர் முழுக்கப் போக வேண்டாம்.

தேஜிக்கு முத்தம்.

தல்பீர்

*

சக் ரத்தன்
29 நவம்பர் 1998

ஒரே இறைவன் துணை.

அன்புத் தல்பீருக்கு, இங்கே நலம். உங்கள் நலம் தெரிய ஆவல். மல்கீத்தின் முதுகுக்கு ஓமம் போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய் தேய்க்கச் சொல்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. கேட்டால் நீயும் சிரிப்பாய். உன் அத்தான் டாக்டர் முன்னாலேயே சிரித்துவிட்டார். பிள்ளைக்குக் கோதுமை ஆகாதாம். பதினாறு ஏக்கர் கோதுமை போடுகிற வீட்டில், பஞ்சாபில், கோதுமை ஆகாதாம்! டாக்டர் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியாமலே சாகிறார்கள் என்றார்.

வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். தேஜி அழவில்லை, என் விரலைப் பிடித்து நசுக்கினாள். டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். "புதுத் துண்டுல நூல் நூலா நிக்கும் பாருங்க, குடலுக்குள்ளயும் அப்படித்தான். கோதுமை பட்டுப் பட்டு அந்த நூலெல்லாம் மழுங்கிப் போச்சு. பால் குடிச்சாலும் அதுல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் குடல் பிடிக்க முடியல. உடம்புக்கு அது வேணுமே, அதனால எலும்புல இருந்து எடுத்துக்குது." எலும்பு எழுபது வயதுக் கிழவியின் எலும்பு மாதிரி இருக்கிறதாம். நல்ல வேளை, சின்ன வயது, கோதுமையை அறவே நிறுத்தினால் திரும்ப உறுதியாகும் என்றார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் எனக்கு அடங்கவில்லை. "நீங்க ரொட்டி கூடக் கூடக் குடுத்தீங்க. அவளுக்குக் கூடக் கூடக் கெட்டுப்போச்சு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியது நான்தானே.

இனி ரொட்டி, ரவை, மைதா, பிஸ்கட், குருத்துவாராவில் கொடுக்கிற கோதுமை அல்வாப் பிரசாதம் எதுவும் கூடாது. அரிசியும் கடலை மாவும் மக்காச்சோளமும் தின்னலாம். மக்காச்சோளம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. குளிர்காலத்தில் நம் வீட்டில் அதுதானே. கடுகுக் கீரையோடு வருடம் முழுவதும் தட்டிப் போட்டுவிடுவேன்.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண், இதைக் கேட்டால் எவன் வருவான்? விருந்துக்குக் கூப்பிட்டால் பல்வலி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பிரசாதத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டு கையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரும் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன்.

நீ வா, நேரில் பேசுவோம். உன் வரவை எண்ணி நாள் தள்ளுகிற

அக்கா குர்மேல்

*

பிரெஷா
17 ஜனவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு, நலமாக வந்து சேர்ந்தேன். இவர் முதுகு தேவலை, உங்கள் எண்ணெய்க்கு நன்றி சொல்லச் சொன்னார்.

வந்ததிலிருந்து வேலையில் மனம் ஓடவில்லை. ஆறு வருடத்தில் என் மகளோடு நான் இருந்தது இந்தப் பதினெட்டு நாள்தான். அந்தப் பதினெட்டு நாளும் உங்களை அடுப்பங்கரைக்குள் விடவில்லை என்று கோபித்துக்கொண்டீர்கள். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையால் அவளுக்குப் போட வேண்டும் என்று இருந்தது. நான் தட்டிய மக்காச்சோள ரொட்டி ஒன்றுகூட உடையவில்லை, பார்த்தீர்களா? "அம்மா, நீங்க சுடறதும் பெரியம்மா சுடறதும் ஒரே மாதிரி இருக்கு" என்றாள் தேஜி. ஒரே தாயிடம் கற்றதுதானே.

ஞாயிற்றுக்கிழமை குருத்துவாராவில் அவள் பாடியதைக் கேட்டேன். அந்த ஒல்லி உடம்புக்குள் இவ்வளவு குரல் எங்கே இருக்கிறது?

நான் கிளம்பும்போது அவள் தலையில் கை வைத்து, ஒரு மணி கோதுமைகூட இவள் வாய்க்குப் போகாது என்றீர்கள். அந்தக் கையை நம்பித்தான் விமானம் ஏறினேன். சுண்ணாம்பு மாத்திரை காலையும் இரவும். வாரத்துக்கு ஒரு பொட்டலம் வைட்டமின் தூள், பாலில். ஏப்ரலில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும், மறக்காதீர்கள். அவளைக் கூப்பிட்டுக்கொள்ளக் காகிதம் போட்டிருக்கிறோம். அது எப்போது வருமோ.

அத்தானுக்கு வணக்கம்.

தல்பீர்

*

சக் ரத்தன்
2 மே 1999

ஒரே இறைவன் துணை.

தல்பீருக்கு, நாங்கள் நலம். அறுவடை முடிந்தது. இந்த வருடம் மழை கெடுக்கவில்லை. கதிரடிக்கிற தூசியில் எல்லாருக்கும் இருமல். உன் அத்தானுக்கு ராத்திரி தூக்கமில்லை.

தேஜிக்கும் இருமல் வந்தது. இருமியதில் விலா எலும்பில் விரிசல். இப்போது வலி குறைந்திருக்கிறது.

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி சண்டிகர் போனோம். ரத்தம் பார்த்தார்கள். கோதுமையின் கெடுதலைக் காட்டுகிற எண் இறங்கவில்லை, எலும்பும் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். "எங்கிருந்தோ கோதுமை உள்ள போயிட்டிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்கம்மா, ரொட்டி எதுல செய்றீங்க?" என்றார். மக்காச்சோளத்தில்தான், ஒரு மணி கோதுமை கிடையாது என்றேன். பிறகு அவர் பிள்ளையைப் பார்த்து, "நீ வெளியில எங்கயாவது சாப்பிடுறியா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். இப்படியே போனால் இடுப்பெலும்பு போய்விடும், பிறகு நிமிர்ந்து நடப்பது கஷ்டம் என்றார். செப்டம்பரில் மறுபடி வரச் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் வைத்து அவளை ஓர் அறை அறைந்துவிட்டேன். ஆள்கள் பார்த்தார்கள். அவள் அழவில்லை. பஸ் பாட்டியாலா தாண்டிய பிறகு, "பிரசாதம் சாப்பிட்டேன் பெரியம்மா" என்று அவளாகவே சொன்னாள். அதனால் குருத்துவாராவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். பாட்டும் நின்றது. கேட்கிறவர்களிடம் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்கிறேன்.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. வெயில் ஏறிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிரெஷா
23 மே 1999

மகள் நவ்தேஜுக்கு அம்மா எழுதுவது.

நீ நலமா என்று கேட்க வேண்டும். பெரியம்மாவின் கடிதத்திலிருந்து நீ நலமில்லை என்று தெரிகிறது, யாரால் என்றும் தெரிகிறது.

உன் பெரியம்மா வெயிலிலும் உனக்காக அடுப்பில் வேகிறாள். உன் அப்பா விடியுமுன் எழுந்து மாட்டின் மடியைக் கழுவுகிறார். நீ ஒரு வாய் அல்வாவுக்காக எல்லாரையும் முட்டாளாக்கிவிட்டாய். அதுவும் குருவின் சன்னிதியில். உனக்கு வெட்கமாக இல்லையா? இடுப்பெலும்பு உடைந்து படுத்த பிறகு யார் உன்னைத் தூக்குவது?

பெரியம்மாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேள். கேட்டேன் என்று எனக்கு எழுது.

அம்மா

*

சக் ரத்தன்
13 ஜூன் 1999

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தேஜி வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா? அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது?

நான் செய்தது தப்பு. பெரியம்மாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மா காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். என்மேல் கோபம் தீரவில்லை போலிருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முன்பைவிட நன்றாக.

குருத்துவாராவுக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். கூடவே மெதுவாகப் பாடிக்கொள்கிறேன். நசீபோ அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "தொண்டை கட்டினவ நல்லாத்தான் பாடுறா" என்றார்கள்.

வெயில் காலத்தில் மக்காச்சோள ரொட்டி தின்னும் ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். அதுவும் இப்போதெல்லாம் ரொட்டி கல்லிலிருந்து எடுக்கும்போதே உடைந்துவிடுகிறது. தட்டுக்குத் தூளாகத்தான் வருகிறது. மோரில் போட்டு ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிறேன். சண்டிகர் போய்வந்த மறுநாளிலிருந்து இப்படித்தான் உடைகிறது.

வயிறு கொஞ்சம் தேவலை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மகள்
தேஜி

*

பிரெஷா
4 ஜூலை 1999

அக்காவுக்கு வணக்கம். அத்தான் நலமா?

தேஜியின் கடிதம் வந்தது. அவளுடைய ரொட்டி உடைகிறதாம். சண்டிகர் போய்வந்த மறுநாளிலிருந்து உடைகிறதாம்.

மக்காச்சோள மாவு தானாக ஒட்டாது, அக்கா. அது ஒட்ட நம் அம்மா என்ன போடுவாள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கைப்பிடி கோதுமை மாவு. அந்தக் கைப்பிடி இருந்தால் ரொட்டி உடையாது.

ஏப்ரல் வரை உடையாத ரொட்டி ஏப்ரலுக்குப் பிறகு ஏன் உடைகிறது?

இது ஒன்றுதான் கேள்வி. பதில் எழுதுங்கள்.

தல்பீர்

*

சக் ரத்தன்
26 செப்டம்பர் 1999

ஒரே இறைவன் துணை.

தல்பீர், உன் கடிதம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்தேன். நான்கு முறையும் அறுவடை, மழை, எருமை என்று எழுதிக் கிழித்தேன். இன்றைக்கு அதெல்லாம் இல்லை.

நீ நினைத்தது சரி. நான்தான் போட்டேன். டிசம்பர் முதல் ஏப்ரல் இருபத்திரண்டு காலை வரை, உன் மகளின் மாவில் தினமும் ஒரு கைப்பிடி கோதுமை மாவு போட்டேன்.

வேண்டுமென்று போடவில்லை. அது கோதுமை என்று என் புத்தியில் ஏறவே இல்லை. உப்புப் போடுகிற மாதிரி கை தானாக அந்தக் கோதுமை மாவு டின்னுக்குள் போகும். நம் வீட்டில் மக்காச்சோள ரொட்டி என்றால் அதுதானே. டாக்டர் கோதுமை ரொட்டி கூடாது என்றார், நான் கோதுமை ரொட்டி கொடுக்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதுவரை செய்தது அறியாமை. அதற்கு நீ என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் என்னால் சொல்ல முடியாமல் இருந்தது. "ரொட்டி எதுல செய்றீங்க" என்று டாக்டர் கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று விடியற்காலையில் பஸ்ஸுக்குக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியின் மாவு என் நக இடுக்கில் இருந்தது. கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு மணி கோதுமை கிடையாது என்றேன். தெரிந்தே சொன்னேன். அவர் பிள்ளையைக் கேட்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை. வெளியே வந்து அவளை அறைந்தேன். யாரை அறைய வேண்டுமோ அவளை அறைய முடியாமல் பிள்ளையை அறைந்தேன். அவள் பிரசாதம் தின்றதாகச் சொன்னபோது, உனக்கு முன்னால் குரு சாட்சியாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தின்றிருப்பாள், எல்லாம் என் கைப்பிடியால் வந்தது இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் பாட்டையும் நிறுத்தினேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து என் காலைத் தொட்டாள். காலை இழுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் தலையில் முக்காடு போட்டுப் போய்ப் பிரசாதம் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நசீபோ சொன்னது உண்மையாகிவிடும் என்று பயம். பெறாதவளுக்கு வளர்க்கத் தெரியாது என்பது என் கையாலேயே நிரூபணம் ஆகிவிட்டதே. நீ அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவாய் என்றும் பயம்.

போன வாரம் சண்டிகர் போனோம். ரத்தத்தில் எண் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. விலா எலும்பு கூடிவிட்டது, எலும்பும் தேறத் தொடங்கியிருக்கிறதாம். டாக்டர் அவள் முதுகில் தட்டி, "சபாஷ், வாயைக் கட்டிட்டியே" என்றார். என் தப்புக்குத் திட்டும் வாங்கினாள், நான் நிறுத்தியதற்குப் பாராட்டும் வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

குர்மேல்

*

பிரெஷா
5 டிசம்பர் 1999

அன்புள்ள அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வராமல்தான் இருந்தேன்.

உங்கள் கடிதத்தை முதலில் படித்த அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. அவளை உடனே அங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இவரிடம் கத்தினேன். இவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "நீ போயிருந்தப்ப யார் ரொட்டி சுட்டது?" என்று கேட்டார்.

இவர் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரியும், அக்கா. ஜூலையில் உங்களுக்கு அந்த ஒற்றைக் கேள்வியை எழுதும்போதே தெரியும். பதினெட்டு நாள், அடுப்பங்கரைக்குள் உங்களை விடாமல், என் கையால் தட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை என்று பெருமையாக எழுதியது நான்தான். என் கையும் அந்த டின்னுக்குள் போனது. டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பெற்ற தாயின் கை போனது. பெறாதவள் பெற்றவள் என்பதில் என்ன இருக்கிறது? நசீபோவிடம் சொல்லுங்கள்.

உங்களைக் கேள்வி கேட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீங்கள் டாக்டர் முன்னால் செய்ததை நான் கடிதத்தில் செய்தேன். நீங்களாவது ஒரு முறை அடித்தீர்கள். உனக்கு வெட்கமாக இல்லையா என்று நான் எழுதினேனே, அந்தக் காகிதம் அவளிடம் இன்னும் இருக்கும்.

இங்கே பண்ணைக்காரரின் தாயார் மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறுகிறாள். இறுகியதும் பலகையில் கவிழ்த்து நூல் வைத்து அறுக்கிறாள், உதிர்வதில்லை. கோதுமை சேர்ப்பதில்லையா என்று கேட்டேன். எதற்கு, கொதிநீரே பிடித்துக்கொள்ளுமே என்றாள். நாம் வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பிசைகிறோம். கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடி வைத்து, ஈரத் துணியில் தட்டிப் பாருங்கள். வழக்கமான மில்லிலும் அரைக்க வேண்டாம். அங்கே கோதுமை அரைத்த கல்லில்தான் இதையும் அரைப்பான்.

இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். உங்கள் செப்டம்பர் கடிதத்தையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன், அதையும் படியுங்கள். தனித்தனியாகச் சொல்ல உங்களுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

உங்கள் தங்கை
தல்பீர்

*

சக் ரத்தன்
9 ஜனவரி 2000

ஒரே இறைவன் துணை.

அன்புத் தங்கை தல்பீருக்கு அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பனி மூட்டத்தில் பக்கத்து வீடு தெரியவில்லை. அதனால் நசீபோவும் தெரியவில்லை, அந்த மட்டும் நல்லது.

உன் கடிதம் வந்து மூன்று நாள் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. நான்காம் நாள் தேஜியை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டேன். நீ சொன்ன மாதிரி கொதிநீர் ஊற்றிப் பிசையலாம் என்றேன். சூடு என் கைக்குத் தாங்கவில்லை. அவளே கரண்டியால் கிளறி, மூடி வைத்தாள். மாவை இப்போது வீட்டுத் திருகையில்தான் அரைக்கிறோம். அது ஊறுகிற நேரத்தில் இரண்டு கடிதத்தையும் படித்தேன். என்னுடையதை முதலில் படித்தேன். அறைந்ததை எழுதிய இடத்தில் குரல் நின்றுவிட்டது. அவள் காகிதத்தை வாங்கி மீதியைத் தானே படித்தாள். உன்னுடையதையும் அவளே படித்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

படித்து முடித்து இரண்டையும் மடித்து என் மடியில் வைத்தாள். பிறகு, "தெரியும் பெரியம்மா" என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்தத் தாழ்வாரத்துல. அதுக்கு முன்னாடி நீங்க என்னை அடிச்சதே இல்லையே. ஏன் அடிக்கிறீங்கன்னு யோசிச்சேன். மறுநாள் ரொட்டி உடைஞ்சுது, புரிஞ்சு போச்சு."

அப்படியானால் பஸ்ஸில் பிரசாதம் தின்றேன் என்றாயே என்றேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதீர்கள், ஏதாவது சொல்லி நிறுத்தலாம் என்று சொன்னேன் என்றாள். நான் அழுதது எனக்கே தெரியாது, தல்பீர். ரொட்டி உடைவதை மட்டும் அம்மாவுக்கு ஏன் எழுதினாய் என்று கேட்டேன். அந்தக் கடிதத்தில் பொய்யில்லாமல் எழுத முடிந்தது அது ஒன்றுதான் என்றாள்.

எனக்கு அதற்குப் பிறகும் அடங்கவில்லை. புரிந்த அன்றைக்கே வாயைத் திறந்து பெரியம்மாதான் போட்டாள் என்று உன் அம்மாவுக்கு எழுத வேண்டியதுதானே, எட்டு மாதமாக அந்தப் பழியை எதற்குச் சுமந்தாய் என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. அவள் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா சுட்டதும் உடையலையே பெரியம்மா. ரெண்டு பேர்ல நான் யாரைச் சொல்றது?" என்றாள்.

தல்பீர், அவளுக்குப் பதினாறு வயது.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை குருத்துவாராவுக்கு அழைத்துப் போனேன். பாடினாள். பிரசாதம் வந்தபோது அவள் பழக்கப்படி வாங்கிக் கண்ணில் ஒற்றி, துப்பட்டாவுக்கு அடியில் என் பக்கம் நீட்டினாள். நான் கையை மேலே எடுத்து எல்லாரும் பார்க்க வாங்கினேன். "இவளுக்குக் கோதுமை ஆகாது, அதனால இவ பங்கையும் நான் சாப்பிடுறேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கச் சொன்னேன். நசீபோ வாயைத் திறந்தாள். "நான்தான் தெரியாம கோதுமை குடுத்துக் குடுத்து இவ எலும்பைக் கெடுத்தேன், அதையும் கேட்டுக்கோ" என்றேன். திரும்பி வரும்போது குருத்துவாராவில் கிரந்தம் படிக்கிற கிரந்தி என்னை நிறுத்தி, தன் தங்கை மகனுக்கும் வயிறு இப்படித்தான், எந்த டாக்டர் என்று கேட்டார். சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச்சில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். காகிதம் வந்து நீ அவளை அழைத்துக்கொள்கிற நாள் வந்தால் நான் தடுக்க மாட்டேன். திருகையை மட்டும் விமானத்தில் ஏற்ற விடுவார்களா என்று கேட்டு எழுது. தேஜி அதைத்தான் கேட்கச் சொன்னாள். மல்கீத்துக்கு ஆசிகள். அவர் கேட்ட கேள்விக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடிதங்களைப் படித்த அன்று அவள் தட்டிய முதல் ரொட்டியை என் தட்டில் போட்டாள். ஓரம் வெடித்திருந்தது, நடுவில் உடையவில்லை. நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள்தான் பிட்டுப் பிட்டு ஊட்டினாள்.

உன் அக்கா
குர்மேல் கவுர்